குரங்கு வாலில் பச்சை வர்ணம்

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் எல்லை எது என்று மணியக்காரரைவிடக் குரங்குகளுக்கு நன்றாகத் தெரியும். உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையின் இரு பக்கமும் புளியமரங்கள். நடுவில், சாலைக்கு அடியில் மழைத் தண்ணீர் போக ஒரு கல் மோரி. மோரிக்கு இந்தப் பக்கம் எங்கள் கூட்டம், அந்தப் பக்கம் வேறு கூட்டம். ஒன்று எல்லை தாண்டிக் கால் வைத்தால் போதும், பல்லைக் காட்டி, கிளையை உலுக்கி, அடேயப்பா, என்ன ரகளை! கல்யாணமாகி வந்த புதிதில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். "இது என்ன சினிமாக் கொட்டாயா?" என்று மாமியார் திட்டுவார். சினிமாவெல்லாம் இதன் கிட்டே நிற்குமா?

ஐம்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். காயப்போட்ட கடலையை அள்ளித் தின்று, கூரை ஓட்டைப் பெயர்த்து, எங்கள் கூட்டம் ஊரையே ஒரு வழி பண்ணிவிட்டது. ஆஞ்சநேயர் ஆயிற்றே, அடிக்க யாருக்கும் மனம் வராது. பிடித்துக் காட்டில் விடச் சொல்லி, ஊர்க்கவுண்டரான என் மாமனார் ஆனேக்கல் பக்கத்திலிருந்து குரங்கு பிடிக்கிறவர் ஒருவரை வரவழைத்தார். மனைவியும் கைக்குழந்தையுமாக வந்த மனிதர், கூண்டுக்குள் கடலையைப் போட்டு மொத்தக் கூட்டத்தையும் பிடித்துவிட்டார்.

கூண்டுகள் எங்கள் வாசலில் இருந்தன. கம்பிச் சந்து வழியாக வால்கள் வெளியே தொங்கின. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசிய பச்சை வர்ணம் வீட்டில் மிச்சம் இருந்தது. என் கை சும்மா இருக்குமா? ஒரு வால் விடாமல் நுனியில் பூசிவிட்டேன். எல்லாம் விளையாட்டுக்குத்தான். குரங்கு பிடிக்கிறவர் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போய், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டில் விட்டுவிட்டு வந்தார்.

மாசி பிறந்தது. மரத்தில் மறுபடியும் குரங்கு! "காட்டுக்கே போவல, வழியிலயே எறக்கி உட்டுட்டான்" என்று ஊரே கொதித்தது. அவரைக் கூப்பிட்டு, புளியமரத்தடியில் ஊர் கூடும் மந்தையில் நிறுத்தினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் திருடன் என்று பெயர்; அப்புறம் எந்த ஊரும் அவரைக் கூப்பிடாது. அவர் தயார்தான். மனைவிதான் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உண்மையே ஆனாலும் கற்பூரம் அணைத்தால் கைக்குழந்தைக்கு ஆகாது என்று அவளுக்குப் பயம்.

"தேவராணெ கவுட்ரே, சாமி சத்தியமா காட்டுலதான் உட்டேன்!" என்று அவர் கன்னடமும் தமிழுமாகக் கதறினார்.

மாமனார் ஒரு தட்டில் கற்பூரக் கட்டியை ஏற்றினார். பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பினேன். மேலே புளியங்கிளையில் ஒரு வால் தொங்கியது. நுனியில் பச்சை இல்லை! அடுத்த வாலைப் பார்த்தேன். அதிலும் இல்லை! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மருமகள் மந்தையில் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் எங்கே ஞாபகம் வந்தது!

"மாமா! வாலப் பாருங்க மாமா, வாலு! நம்ம கொரங்குக்கெல்லாம் நான் பச்ச பூசி அனுப்பிச்சேன். இதுங்களுக்கு எங்க இருக்குது பச்ச?"

மந்தையே அண்ணாந்தது. "வர்ணம் அழிஞ்சிருக்கும்" என்றார் ஒருவர்.

"மாட்டுக் கொம்புல இன்னும் அழியலையே! அந்தக் காது கிழிஞ்ச கடுவன எனக்குத் தெரியாதா? இதுங்க மோரிக்கு அந்தாண்டக் கூட்டம். அடிச்சி வெரட்ட நம்ம கூட்டம் இல்லன்னதும் பாதி இங்க குடி வந்துடுச்சு!"

"அப்ப இதுங்களயும் புடிக்கச் சொல்லு!" என்றார் இன்னொருவர்.

"புடிச்சா அடுத்த தோப்புக் கூட்டம் வரும். புளியும் கடலையும் இருக்கற வரைக்கும் இந்த எடம் காலியாக் கெடக்குமா?"

சொல்லி முடித்த பிறகுதான் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரோ ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைத் தம் உள்ளங்கையாலேயே அழுத்தி அணைத்தார்.

"இவன் மேல குத்தம் இல்ல. சத்தியம் நான் பண்றேன்."

அந்தப் பெண் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.