பிரசிடெண்டைக் காட்டும் அம்புகள்

குமாரசாமி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டாரென்றால் யாரோ அவரைப் பேச வைக்க வருகிறார்கள் என்று பொருள். ஒரு மாசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சட்டை வெளியே வந்தது. துவைப்பதும் கஞ்சி போடுவதும் சுப்பாத்தாள்.

வருகிறவன் அருள்செல்வன். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். அவிநாசிப் பக்கத்துக்காரன், நொச்சிவலசில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டான். நொச்சிவலசு மாநகராட்சியோடு சேர்ந்தபின் பழைய பஞ்சாயத்து ஆபீஸ் நூலகமாகிவிட்டது. அதன் வாசகர் வட்டத்துக்கு இவன் செயலாளர். ஊராட்சியின் கடைசிப் பிரசிடெண்டுடைய பொதுவாழ்க்கையைக் கண்காட்சியாக வைக்கவேண்டும் என்று கிளம்பியிருந்தான். வீடு வீடாகப் போய்ப் பழைய போட்டோக்களை வாங்கினான். பார்த்தவர்கள் சொல்வதைப் போனில் பதிந்தான். பிரசிடெண்டுகளின் பெயரெழுதிய தகரப் பலகை ஒன்று ஆபீசில் தொங்கிக்கொண்டிருந்தது. நூலகத்துக்கு வெள்ளையடித்தபோது அதை யாரோ பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். ஆகவே போட்டோவும் பேச்சும்தான் அவனுக்குக் கதி.

பேச்சுக்குக் குறைவில்லை.

"டேங்க் கட்டுனதச் சொல்லுங்கய்யா."

"டேங்க் என்னுங் தம்பி, டேங்க்! இஞ்சினீரு மேக்காலதான் கட்டோணும்னு நின்னான். நாம உடலியே. கெழக்கால மேடு, அங்க கட்டுனாத்தான் காலனிக்கித் தண்ணி தானா எறங்கும்னம். இஞ்சினீரு மொகம் பாக்கோணுமே!"

காப்பி டம்ளரை நீட்டியபடி சுப்பாத்தாள் நின்றாள். மேடு கிழக்கே இருக்கிறதென்று இஞ்சினீயரிடம் சொன்னவள் அவள். அன்றைக்கு இவர் வெளியே வேப்பமரத்தடியில் டிரைவரோடு பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

தேர்தலில் நின்றதும் அவள்தான், ஜெயித்ததும் அவள்தான். அந்தத் தடவை நொச்சிவலசைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். போஸ்டர் வரைக்கும் அடிக்கத் தயாராக இருந்த குமாரசாமி ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து, மூன்றாம் நாள் பெண்டாட்டியை நிறுத்தினார். ஜெயித்த அன்றைக்கு மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. ஆபீசில் நாற்காலி அவருக்கு, பக்கத்தில் ஸ்டூல் அவளுக்கு. ஊர் அவரைப் பிரசிடெண்டு என்றது. இவளைப் பிரசிடெண்டு ஊட்டுக்காரம்மா என்றது. பதவி முடிந்து வருசங்கள் ஓடியும் மாற்றவில்லை.

அருள்செல்வனுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

சுப்பாத்தாளும் சொல்லவில்லை. இந்த மனுசன் எந்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறாரென்று பார்ப்போம் என்றிருந்தாள். அவர் பொய்யும் சொல்லவில்லை. "நான்" என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. எல்லாம் "நாம". அந்த "நாம"வுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருக்கக்கூடும்.

நாலாவது ஞாயிறன்று அருள்செல்வன் ஃபிளெக்ஸ் மாதிரியைப் போனில் காட்டினான். கும்பிட்ட கைகளோடு குமாரசாமி. கீழே பெரிய எழுத்தில், நொச்சிவலசு ஊராட்சியின் கடைசித் தலைவர்.

"மீசையக் கொஞ்சம் கருப்பாக்கலாமுங்களா?" என்று கேட்டார் குமாரசாமி.

இனி பொறுத்தால் ஆகாது என்று சுப்பாத்தாளுக்குப் பட்டது. தகரப் பலகையும் போய்விட்டது. இந்தச் சுவரிலும் ஏறாவிட்டால் அப்புறம் அவள் பிரசிடெண்டாக இருந்ததற்கு உலகத்தில் சுவரே கிடையாது.

போட்டோக்களுக்குக் கீழே என்ன எழுதவேண்டும் என்று ஐயாவிடம் கேட்டு வையுங்கள் என்று சொல்லி, ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு அருள்செல்வன் போனான். ஐயா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். சுப்பாத்தாள் கட்டைப் பிரித்து ஜன்னலோரம் பரப்பினாள்.

அவளுக்கு வேலம்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் செக்கிங். தைத்து வந்த பனியனை டியூப் லைட்டடியில் விரித்துப் பார்க்கவேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். பீசைக் கையிலெடுக்கிறவன் தேடவேண்டாம், அம்பு காட்டும். அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் அவள் மணிபர்சில் இருக்கும். சில நாள் சேலையில் ஒட்டிக்கொண்டே பஸ் ஏறிவிடுவாள்.

முதல் போட்டோவில் டேங்க் திறப்பு. குமாரசாமி ரிப்பனை வெட்டுகிறார். கத்தரிக்கோல் வந்த தட்டைப் பிடித்தபடி ஒரு கை, மணிக்கட்டோடு முடிந்துபோகிறது. அந்த வளையல் அவளுடையது. ஓர் அம்பை உரித்து மணிக்கட்டில் ஒட்டினாள்.

அடுத்ததில் கொடியேற்றம். கயிறு அவர் கையில். கம்பத்துக்குப் பின்னால் பாதி முகம், ஒரு கண், ஒரு மூக்குத்தி. மூக்குத்திக்கு ஓர் அம்பு.

ரோட்டுக்குப் பூமி பூஜை. தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியிருக்கிறார். அவர் கக்கத்துக்குக் கீழே தெரிகிற சந்தில் பச்சைச் சேலை. சேலைக்கு ஒன்று. பள்ளிக்கூட விழாவில் அவள் முழுசாகவே விழுந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகுக்கு ஒன்று. ஒரு போட்டோவில் எவ்வளவு தேடியும் ஆளைக் காணோம். பிறகு கண்டுபிடித்தாள். மேடை ஓரத்தில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. ஒட்டும்போது தனியாகச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அருள்செல்வன் வந்து கட்டை வாங்கினான். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்கம்மா, இத்தன டேமேஜுங்களா?"

"பீசு நல்ல பீசுதான் கண்ணு. லேபிள்தான் மாத்தித் தெச்சிருக்குது."

அவன் அம்பு அம்பாகப் பார்த்தான். வளையல், மூக்குத்தி, பச்சைச் சேலை, முதுகு, செருப்பு. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்புறம் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான்.

"ஐயா... எலக்சன்ல நின்னது ஆருங்க?"

"இவதான்."

"பிரசிடெண்டு?"

"இவதான். அத ஆரு இல்லீன்னாங்க?"

"நீங்க சொல்லவே இல்லீங்களே!"

"நீ கேக்கவே இல்லையே தம்பி! டேங்கக் கேட்ட, ரோட்டக் கேட்ட. ஆருன்னு கேட்டியா?"

அருள்செல்வன் கையைத் தலையில் வைத்துக்கொண்டான். ஃபிளெக்சுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அது போகட்டும் என்று போனில் வீடியோவை ஓடவிட்டு சுப்பாத்தாளுக்கு எதிரே பிடித்தான்.

"அம்மா, நீங்க எப்படிங்க அரசியலுக்கு வந்தீங்க?"

"அது என்னாச்சுன்னா தம்பி..." என்றார் குமாரசாமி.

"ஐயா, அம்மா சொல்லட்டுங்க. ஏனுங்கம்மா, மொத நாள் ஆபீசுக்குப் போனப்ப பயமா இருந்துதுங்களா?"

"பயமா? இவளுக்கா?" என்றார் குமாரசாமி.

சுப்பாத்தாள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க போயி ரெண்டு காப்பி வெச்சுட்டு வாங்க."

கல்யாணமான நாள்முதலாக அந்த வீட்டில் அப்படியொரு வாக்கியம் சொல்லப்பட்டதில்லை. அவர் எழுந்த விதத்தைப் பார்த்தால் அவருக்கே அது புரிந்ததாகத் தெரியவில்லை. சமையலறைக்குள் டப்பாக்கள் உருண்டன. "சக்கர எங்க புள்ளே?" என்று ஒரு குரல் வந்தது. சுப்பாத்தாள் பேசிக்கொண்டிருந்தாள்.

வீடியோவின் கடைசியில் ஒரு டம்ளரும் அதைப் பிடித்த ஒரு கையும் உள்ளே வரும். அவள் தனியாக நிற்கிற போட்டோ ஊரில் ஒன்றுகூட அகப்படாததால் அந்த வீடியோவிலிருந்தே ஒரு படத்தை எடுத்துப் பெரிதாக அச்சடித்தான் அருள்செல்வன்.

அப்புறம் மறுபடியும் ஊருக்குள் போனான். முன்பு "பிரசிடெண்டு எப்படி?" என்று கேட்டவன், இப்போது "அந்தம்மா எப்படி?" என்று கேட்டான். பாதிப் பேர் முழித்தார்கள். லைன் வீட்டு ராமாயி மட்டும் முழிக்கவில்லை. சிவகங்கைப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்து, அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்குக் குடியேறியவள். அவள் சொன்னது நெடுநேரம் ஓடியது.

கண்காட்சி நாளில் குமாரசாமி வெள்ளைச் சட்டை போடவில்லை. கட்டம் போட்ட சட்டையில் வந்து, நூலக வாசலில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டார். உள்ளே கூட்டம். பிரசிடெண்டு எங்கே, பிரசிடெண்டு எங்கே என்று பிள்ளைகள் அம்பு தேடி ஓடின. "இதா செருப்பு!" என்று ஒன்று கத்தியது. பெரியவர்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கக்கத்துச் சந்தில் பச்சைச் சேலையைத் தேடினார்கள்.

ஸ்பீக்கரில் ராமாயியின் குரல் வந்தது.

"லைன் வீட்டுக் குழாய்ல ஓனர் பூட்டப் போட்டுட்டாரு. ரெண்டு மாச வாடக பாக்கின்னு. சொன்னதும் பிரசிடெண்டம்மா டவுன் பஸ்ஸேறி ஒத்தையில வந்துச்சு. பூட்டத் தொறங்கன்னு கத்தல, ஒண்ணுமில்ல. குழாயடிக் கல்லுல உக்காந்துருச்சு. நாங்க பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கிட்டு இருந்தோம். எனக்கும் ஒரு கத்தரி குடு ஆத்தான்னு வாங்கி அதுவும் வெட்டுது. செத்த நேரங்கழிச்சு ஓனரு வாராரு. இது எந்திரிக்கல. அவரு தெரு மூலையிலயே நின்னுட்டாரு. வாராரு, இதப் பாக்குறாரு, திரும்பிப் போறாரு. மறுபடி வாராரு, போறாரு. கடசியில யார்கிட்டயோ சாவியக் குடுத்துவிட்டாரு. எங்களுக்கு ஒரு எழவும் வெளங்கல. உக்காந்திருக்கிற பொம்பளையக் கண்டா அம்புட்டுப் பயமா அந்த ஆளுக்கு?"

நொச்சிவலசுக்காரர்களுக்கு விளங்கியது. லைன் வீட்டு ஓனர் குமாரசாமிக்குப் பங்காளி, மூத்த அண்ணன் முறை. அவர் தெருவில் வந்தால் தம்பி பெண்டாட்டி எழுந்து ஒதுங்கி நிற்கவேண்டும். எழாமல் கல்லில் உட்கார்ந்திருக்கிறவளைக் கடந்து அவராலும் வாடகை கேட்க உள்ளே போகமுடியாது. போனால் அவருக்குத்தான் கேவலம். கூட்டம் முதலில் முணுமுணுத்தது, பிறகு கொல்லென்று சிரித்தது.

வாசலில் பேப்பர் கீழே இறங்கியது. குமாரசாமி உள்ளே வந்தார்.

"ஏம்புள்ளே! அண்ணன் எங்கூட இத்தன வருசமாப் பேசாம இருக்கிறாரே, அது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"சிவன்மல தேர்ல கண்டப்பக் கூட மொகத்தத் திருப்பிட்டாருங்கறேன். நான் என்ன குத்தம் பண்ணுனனோன்னு காவடியெல்லாம் நேர்ந்தனே!"

"நேர்ந்தது தப்பில்லீங்க. முருகனுக்குத்தான?"

அவர் அவளை முறைத்தார். முறைப்பு பாதியில் நின்று, தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த தண்ணீரா வேறெதுவா என்று அவளும் செக் பண்ணவில்லை.

பிறகு அவர் சுவரோரமாக நடந்தார். டேங்க் திறப்பில் தன் முகத்தைப் பார்த்தார். பூமி பூஜையில் தன் கக்கத்தைப் பார்த்தார். கடைசிப் படத்துக்கு வந்து நின்றுவிட்டார். அதில் நடுவாக சுப்பாத்தாள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் காப்பி டம்ளரைப் பிடித்த ஒரு கை, மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது.

சின்னப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து அந்தப் படத்தையும் மேலும் கீழும் தேடினான். இதில் அம்பு இல்லை. போய்விட்டான்.

"புள்ளே," என்றார் குமாரசாமி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அந்த ஸ்டிக்கர் மிச்சம் இருக்குதா?"

அவள் மணிபர்சைத் திறந்து துழாவினாள். தாளில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை உரித்து நகத்தில் ஏந்தி நீட்டினாள்.

வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையின்மேல் அவரே ஒட்டினார். அம்பு கோணலாகப் போய் டம்ளரைக் காட்டியது.

"நகருங்க அந்தப் பக்கம்," என்று சொல்லி, சுப்பாத்தாள் அதை உரித்து நேராக ஒட்டினாள்.