கீழே இறங்கிய சுவர்

கொத்தனாராக நான் கட்டிய சுவர்களெல்லாம் மேலே எழும்பின. ஒன்று மட்டும் கீழே இறங்கியது. ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கட்டிய கிணற்றுச் சுவர் அது.

தண்ணீர் இறைக்கும் இன்ஜினை ஜப்பான்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லயத்துக் குடியிருப்புச் சனங்கள் கால்வாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். பால்மரம் வெட்ட ஆள் குறைந்த பிறகுதான் கிணறு வெட்ட உத்தரவு வந்தது. மணல் பூமி, சும்மா தோண்டினால் சரிந்துவிடும். அதனால் தரையில் வட்டமாக மரச்சட்டம் வைத்து, அதன்மேல் நான் செங்கல் கட்டினேன். உள்ளே நின்று பொன்னம்மாக்கா சட்டத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டத் தோண்ட, சுவர் தன் கனத்தில் முழுசாக இறங்கும். கிணறு வெட்டுகிற அவர் கணவரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அவரோடு மண் அள்ளிய பழக்கத்தில் அக்காவே இறங்கினார்.

சிமெண்டு கிடையாது. சுண்ணாம்புச் சாந்து இறுக நேரம் வேண்டும். காவலுக்கு நின்ற ஜப்பான்காரனுக்கு அது எங்கே புரியும்? "லெக்காஸ்! லெக்காஸ்!" என்று, சீக்கிரம் கட்டச் சொல்லி மலாயில் கத்தித் தடியோடு விரட்டினான். நானும் பயத்தில் வரிமேல் வரியாக ஏற்றினேன். ஆள் உயரம் இறங்கியபோது சுவர் வடக்கே சாய்ந்தது.

"தம்பி, கட்டாத! தெக்கால சட்டம் கல்லுல மாட்டிக்கிச்சு."

"கயிறு போடுறேன், ஏறி வாங்கக்கா!"

"இப்படியே விட்டுட்டு நான் ஏறினா சட்டத்துக்கு அடியால மணலு உள்ள சரியும்லா. ஈரச் சாந்து, எல்லாம் பொலபொலன்னு உதிர்ந்திடும். அப்புறம் ஏது கெணறு?"

நான் வேலையை நிறுத்தியதும் தடி என் முதுகில் விழுந்தது. அந்தச் சத்தம் கீழேயும் கேட்டிருக்க வேண்டும்.

"சாந்து வேணாம் தம்பி. தெக்குப் பக்கம் மட்டும் வெறுஞ்செங்கல்ல அடுக்கு. அவனுக்கு வேல நடக்கிற மாதிரி இருக்கும், எனக்கு மாட்டின பக்கத்த அமுக்கப் பாரம் கெடைக்கும்."

தலைக்கு மேல் சுவர் சாய்ந்து நிற்கையில் ஒரு மனுஷிக்கு இப்படி யோசனை ஓடுமா? அடுக்கினேன். கல் ஏறுவதைப் பார்த்து அவன் "பாகுஸ்" என்று மெச்சிக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தான். கீழே அக்கா, சட்டம் மாட்டிய கல்லைச் சுற்றி மண்ணைச் சுரண்டினார், கொஞ்சமும் அவசரமில்லாமல். நடுநடுவே சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இப்ப வருது. கைய எடு!"

சுவர் உறுமியது. தெற்குப் பக்கம் மெல்ல இறங்கி, மட்டம் பார்த்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. அடுக்கிய கல்லில் ஒன்றுகூட உள்ளே விழவில்லை. அவர் ஏறி வந்து, மண் அப்பிய முகத்தோடு என் முதுகைத்தான் முதலில் பார்த்தார்.

எவ்வளவு வேகமாகக் கட்டலாம் என்று இளம் கொத்தனார்கள் என்னிடம் கேட்பார்கள். நீ கட்டுகிற சுவருக்குக் கீழே பொன்னம்மாக்கா நிற்கிறார் என்று நினைத்துக் கல்லை வை, அந்த வேகம் போதும் என்பேன்.