மஞ்சள் கயிறு கட்டிய நாயுருவி

மந்தைவெளியில் ஒன்று, கே.கே. நகரில் ஒன்று என்று இரண்டு நாட்டு மருந்துக் கடைகளுக்கு இன்று நான் முதலாளி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ‘இவ்வளவு தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது அத்தை?’ என்று மருமகள்கள் கேட்பார்கள். வருவதென்ன, கூடவே பிறந்தது. எட்டு வயதில் ஒரு தெருவையே கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்தவள் நான்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, செடியிலிருந்து உப்பு எடுப்பவர். செடியை வேரோடு எடுத்துக் காயவைத்து எரிப்பார். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டிக் காய்ச்சுவார். ஒரு புதர் எரிந்தால் சட்டியின் அடியில் கொஞ்சம் வெள்ளை உப்பு மிஞ்சும். அதுதான் மருந்து. நெருப்பு செடியைத் தின்னுமே தவிர அதன் சாரத்தைத் தொடாது என்பார். செம்பைத் தங்கமாக்குகிறேன் என்று அலைகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. குப்பையில் முளைப்பதை மருந்தாக்குவதுதான் ரசவாதம், மற்றதெல்லாம் பேராசை என்பார். தன் மருந்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருஷம் மாமாவின் சம்சாரத்துக்கு, என் அத்தைக்கு, இளைப்பு முற்றிவிட்டது. படுக்க முடியாது, சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம். ஆஸ்பத்திரி மாத்திரையும் கேட்கவில்லை. சிவப்பு நாயுருவி உப்பு கொடுத்தால் நிற்கும் என்று மாமா ஊரெல்லாம் தேடினார். வெள்ளை நாயுருவி எங்கும் கிடைக்கும், சிவப்பு லேசில் அகப்படாது. கடைசியில் மந்தைவெளியில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் மதிலோரம் ஒரு புதரைக் கண்டுபிடித்தார்.

கண்டவுடன் பிடுங்கக் கூடாது. முதல்நாள் மாலை செடிக்கு மஞ்சள் கயிறு கட்டி, இன்னாருக்காக உன்னை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். மறுநாள் காலையில் இரும்பு படாமல், வேர் அறாமல் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து பலிக்காது. கயிறு கட்டியபோது நானும் கூடத்தான் இருந்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் செடிக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. கற்பூரம் எரிகிறது. பெண்கள் சுற்றி வருகிறார்கள். மாமா புதரில் கை வைக்கப் போனார். அந்தத் தெருப் பூக்காரம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“இன்னா நைனா, அம்மன் மேலயே கை வெக்கிறே?”

“அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. மருந்துச் செடிம்மா. கயிறு நான் கட்னது.”

“அம்மா தானா வந்து குந்திக்கினு கீறா, இவரு கட்னாராம். தொட்டுப் பாரு, கை இருக்காது.”

யாரிடமும் வாயால் தோற்காத மாமா அன்று நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் அவர் சட்டையை இழுத்தேன்.

“மாமா, நான் சாமி ஆடப் போறேன். நீ பயந்துக்காத.”

“வேணாம் கண்ணு, ஒதைப்பாங்க” என்று அவர் முணுமுணுப்பதற்குள் என் பின்னல் அவிழ்ந்துவிட்டது.

ஆடி மாதக் கூழ் ஊற்றும் இடத்தில் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். பல்லைக் கடித்தேன், கண்ணைச் செருகினேன், போட்ட கூச்சலில் காக்காய் பறந்தது. கூட்டம் வழிவிட்டது.

“யாரு தாயீ நீ? இன்னா வோணும்?” என்றாள் பூக்காரம்மா, கையைக் கூப்பிக்கொண்டு.

“ரோட்டோரம் நிக்கமாட்டேன். நாய் வந்து காலத் தூக்குது. இவன் வூட்டுக்கு என்னக் கொண்டாந்து வுடுங்க. வேரு அறக்கூடாது. இரும்பு படக்கூடாது.”

“நாய் சமாச்சாரம் வாஸ்தவந்தான்” என்றாள் ஒருத்தி. “தினம் வருது அந்தச் சனியன்.”

அவ்வளவுதான். மாமா ஒரு விரலை அசைக்கவில்லை. பெண்களே உட்கார்ந்து, குச்சியாலும் கையாலும் மண்ணைத் தோண்டி, ஆணிவேரோடு எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமா தோண்டிய மண்ணில் மண்டியிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டார்.

“தாயே, அவ பொழச்சுக்குவாளா?”

நானா தடுமாறுவேன்? கற்பூரத் தட்டிலிருந்த விபூதியை அள்ளி அவர் நெற்றியில் இட்டேன். “பொழச்சுக்குவா. நான் கீறேன் இல்ல?”

அத்தை பிழைத்துக்கொண்டார். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் அப்பளம் நமத்திருக்கிறது என்று குறைகூடச் சொன்னார். உப்பு பாதி, என் வாக்கு பாதி என்று இன்றைக்கும் நான் சொல்வேன்.

ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. மாமா புதரைக் குழந்தை மாதிரி தோளில் சாத்திக்கொண்டு வேகமாக நடந்தார். நான் கூடவே ஓடினேன்.

“நான் எப்டி மாமா? நீகூட ஜோரா நடிச்ச. கண்ணுல தண்ணியெல்லாம் வர வெச்சியே.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். நெற்றியில் நான் இட்ட விபூதியை மட்டும் துடைக்கவில்லை. வாயாரப் பாராட்டியும் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் போகிறாரே என்று எனக்கு வீடு வரைக்கும் கோபம்.