வெறும் போசி

புற்றுநோய்ப் பிரிவின் நடையில் ஒரு எடை மெஷின் இருக்கிறது. மூன்றாவது கீமோவுக்கு (நரம்பு வழியே ஏற்றும் மருந்து) போன அன்று ஏறி நின்றேன். ஐந்து கிலோ குறைந்திருந்தது.

"சாப்பிடறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"நல்லாச் சாப்பிடறனுங்க." பொய்.

"ரத்தமும் கம்மியா இருக்குது. இன்னைக்கு மருந்து போட முடியாதுங்க. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வைத்தியத்தையே நிறுத்த வேண்டி வரும்."

சோமனூரில் நான் தனியாக இருக்கிறேன். ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, பக்கத்து வீட்டுச் சரசு, தறிக்குப் போகும் அவசரத்திலும், மூடி போட்ட ஒரு போசிப் பாத்திரம் நிறையக் குழைந்த அரிசிம்பருப்புச் சாதம் கொண்டு வருவாள். சாதம் வந்த போசியை எங்கள் பக்கம் வெறுமையாகத் திருப்புவதில்லை. முட்டை வைத்தேன், முருங்கைக்கீரை வைத்தேன், கடைசியில் ஒரு கை சர்க்கரை. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அடுப்படி வரை நடந்து போசியில் எதையும் எடுத்து வைக்க முடியவில்லை. "நானே ஆக்கிக்கறேன், இனிக் கொண்டாராத கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு டீயும் பன்னும்தான். காட்டு வேலைக்குப் போன காலத்திலும் சும்மா வாங்கித் தின்றவளில்லை நான்.

நடையில் உட்கார்ந்து, 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே' என்று வாய்விட்டுச் சொல்லி ஜெபமாலை உருட்டினேன். ஊசி போடும் கன்னியாஸ்திரி அருகில் வந்து நின்றார்.

"பிரியதத்தம்னு சொல்றீங்களே பாட்டிம்மா! நாங்கெல்லாம் இப்ப அருள்னுதான் சொல்றமுங்க."

"எங்கம்மா சொல்லிக் குடுத்ததுங்க. அர்த்தம் தெரியாதுங்க."

"தத்தம்னா குடுத்ததுங்க. பிரியப்பட்டுக் குடுத்தது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்துல எழுதுனப்ப 'காரிஸ்'னு எழுதுனாங்க. கிருபைன்னாலும் அதேதான். சம்பாதிச்சு வாங்கறதில்லீங்க."

"முப்பது வருசம் கோயில் கூட்டுனனுங்களே, அதுக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"கோயில் சுத்தமாச்சுங்க" என்று சிரித்தார்.

மருந்து ஏறாமலே வீடு திரும்பினேன். மார்பைத் திறந்து டாக்டரிடம் காட்டியதைவிட அன்று சரசுவிடம் பேசியதுதான் கடினம்.

"நாளைக்குக் கொஞ்சம் சாதம் கொண்டா கண்ணு."

"ஏனுங்க்கா, நீங்களே ஆக்கிக்கறேன்னீங்க?"

"பொய் சொல்லிப்போட்டேன்."

"தெரியுங்க. குக்கர் சத்தமே கேக்கலீங்களே. கேட்டாக் கோவிச்சுக்குவீங்கன்னு இருந்தேன்."

மறுநாள் அவள் கொண்டு வந்ததைச் சாப்பிட்டுவிட்டு, போசியைக் கழுவி அப்படியே கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"காலியா இருக்குதுங்க்கா."

"ஆமா கண்ணு."

"அப்பாடா! உங்க கீரையத் தின்னு எங்கூட்டுக்காரருக்கு நாக்கே பச்சையாப் போச்சுங்க."

அடுத்த வாரம் மருந்து ஏறியது. இதே நடையில் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வைத்தியம் முடிந்து ஆறு மாதமாகிறது. முன்பெல்லாம் கண் விழித்ததுமே இன்று யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் எழுவேன். இப்போது சற்று நேரம் அப்படியே கிடக்கிறேன். மார்பு இல்லாத பக்கமும் மூச்சுக்கு ஏறி இறங்குகிறது. அந்த மூச்சுக்குப் பதிலாக நான் எதையும் வைத்துக் கொடுக்கவில்லை. வாசலில் போசி வைக்கும் சத்தம் கேட்கிறது. மெதுவாக எழுந்து போகிறேன்.