குளிர் ஊரில் காய்ச்சல் கண்ட சர்வர்

கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் உறைவிடப் பள்ளியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான்தான். தலைவியும் நான், கடைசி ஊழியரும் நான். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஓர் இரும்பு அலமாரி, அலமாரியில் இரண்டு சர்வர்கள். மார்க், ஃபீஸ், அட்டெண்டன்ஸ், கேட் கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்யூட்டர் வாங்காமல், அந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின்களாகக் குடிவைத்திருந்தேன். ஒண்டுக் குடித்தனம் மாதிரிதான். வீட்டுக்காரப் பெட்டிக்கு ஏதாவது ஆனால் அத்தனை குடும்பமும் தெருவில் நிற்கும்.

போன மழைக்காலத்தில் அப்படித்தான் நின்றது. ஒரு பெட்டியில் டிஸ்க் ஒன்று சத்தம் போடாமல் செத்திருக்கிறது. பூட்டிய அறைக்குள் ஆரஞ்சு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் யாருக்குத் தெரியும்? பின்னாலேயே இரண்டாவது டிஸ்க்கும் போய்ச் சேர்ந்தது. பெற்றோருக்கு ரிசல்ட் போக வேண்டிய நாள் அது. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொண்டுவந்தேன். அதற்கு ஒருத்தர்கூட நன்றி சொல்லவில்லை. தாளாளர் மட்டும் கூப்பிட்டார், நன்றி சொல்ல அல்ல.

“இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா, ரூமையே காலி பண்ணி எல்லாத்தையும் கோயம்புத்தூர் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிருவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன சோலி கெடக்கு? யோசிச்சுக்கங்க.”

யோசித்தேன். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். மகள் இங்கே எட்டாவது படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் கிடைத்த இடம், அதுவும் போகும். பிறகு மலையிறங்கி வத்தலக்குண்டில் மாமியார் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த ஊர் வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம். “நான் அப்பவே சொன்னேன்ல” என்று அந்த அம்மாள் ஆரம்பிப்பதை யார் தாங்குவது?

ஆகவே பெட்டிகளின் உடம்பைக் கவனிக்கும் மென்பொருளைப் போட முடிவு செய்தேன். டிஸ்க், ஃபேன், மின்சாரம், சூடு எதில் கோளாறு வந்தாலும் அது உடனே போனுக்குச் செய்தி அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை, ஊரே சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்தேன். முதல் பெட்டியில் குடியிருந்தவர்களை எல்லாம் இரண்டாவது பெட்டிக்கு மாற்றி, காலியான பெட்டியில் மென்பொருளை ஏற்றி, ரீபூட் கொடுத்தேன். ஃபேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் அலறின. அது திரும்ப எழுந்திருக்கும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்தது. குடித்தனங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததற்கும் அதே வேலையைச் செய்தேன். எல்லா இடத்திலும் பச்சை. செய்தி தனக்கும் வர வேண்டும் என்று தாளாளர் பிடிவாதம் பிடித்திருந்தார். அவருடைய நம்பரையும் போட்டேன். அதுதான் வினை.

மறுநாள் காலை, மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அலறியது. சர்வர் சூடாகிறதாம். கொடைக்கானலில்! தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கும் ஊரில்! அடுத்த நிமிடமே தாளாளர் அழைத்தார்.

“என்னம்மா, நாமெல்லாம் நடுங்கிக்கிட்டு இருக்கோம், ஒங்க மெஷினுக்கு மட்டும் காய்ச்சலா?”

ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் சூடு தணிந்து, பெட்டி பச்சைப் பிள்ளை மாதிரி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சென்சாரைச் சந்தேகப்பட்டேன், மென்பொருளைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் படிப்பையே சந்தேகப்பட்டேன். அலுவலகத்து கிளார்க் அக்கா வேறு, “மெஷினுக்குக் கசாயம் வச்சுக் குடுடி” என்று கிண்டல் செய்தார். எனக்கு அழுகையாக வந்தது. வேலையைக் காப்பாற்றப் போட்ட மென்பொருளே என்னை மாட்டிவிடுகிறதே என்ற ஆத்திரம்.

தாளாளர் சொன்னதைச் செய்தார். கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் வந்தார். முந்தின ராத்திரியே பஸ் ஏறிவிட்டாராம், வெள்ளனே வந்து நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. அடை மழையில் ஒரு மெல்லிய சட்டை மட்டும் போட்டிருந்தார். தாளாளர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது என் போன் அலறியது, உடனே தாளாளருடையதும்.

“பாத்தீங்களா?” என்றார் தாளாளர்.

மூன்று பேரும் சர்வர் அறைக்கு நடந்தோம். அலமாரியின் முன்பக்கம் ஐஸ் மாதிரி இருந்தது. பின்பக்கம் சுவரை ஒட்டி ஒரு சந்து. ஒருக்களித்துத்தான் போக முடியும் என்பதால் நானே எப்போதாவதுதான் போவேன். அன்றைக்குப் புகுந்தேன். சூடான காற்று வெளியே வரும் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தெர்மல் பேண்ட், இரண்டு கம்பளி சாக்ஸ், ஒரு குரங்குக் குல்லா. கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. பெட்டி மூச்சுவிட வழியில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

“எந்த மூதேவி இத இங்க காயப் போட்டது?” என்று கத்திவிட்டேன்.

எட்டிப் பார்த்தேன். தாளாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். அந்தக் குளிரில், சாக்ஸ் இல்லாமல், வெறும் செருப்பு. அறைக்கு இரண்டே சாவிகள்தான். ஒன்று என்னுடையது, இன்னொன்று அவருடையது. தினமும் மழையிலும் ஏரியைச் சுற்றி நடப்பவர் அவர். நடந்து முடித்ததும் இங்கே காயப் போட்டுவிட்டு, நான் வருவதற்குள் எடுத்துப் போய்விடுவார். அன்றைக்குக் கம்பெனிக்காரர் சீக்கிரம் வந்துவிட்டதால் எடுக்க முடியவில்லை. மழைக்காலத்தில் இந்த ஊரில் துணி காயாது. எங்கே கொஞ்சம் சூடு வந்தாலும் அங்கே ஒரு ஸ்வெட்டர் ஏறிவிடும். அது எனக்கும் தெரியும். ஆனால் என் சர்வர் மேலா?

கம்பெனிக்காரர் இருமிக்கொண்டார். “எங்க டேட்டா சென்டர்ல இந்தப் பிரச்சனையே வராது சார். உள்ள யாரையும் விட மாட்டோம்.”

தாளாளர் முகம் மாறியது. “யாரையுமேவா?”

“ஒருத்தரையும்.”

கம்பெனிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு தாளாளர் என்னிடம் வந்தார். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். “சார், போன மழைக்கு டிஸ்க் போனது இதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்பிடி மூச்ச அடைச்சா எது சார் தாங்கும்? என் வேலையப் பறிக்கப் பாத்தீங்களே!”

“கத்தாதீங்கம்மா, கிளார்க்கம்மா காதுல விழுந்துறப் போவுது. கம்பெனி வேணாம்னு சொல்லிட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “எல்லாத்தையும் கோயம்புத்தூருக்கு அனுப்பிட்டா, நான் எங்க போயி காயப் போடுறது?”

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் கற்ற வித்தை, மீட்ட பேக்கப், ஞாயிற்றுக்கிழமை பட்ட பாடு எதுவும் என் வேலையைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது அவருடைய தெர்மல் பேண்ட். சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அறைக்குள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தவர்களைக்கூட விரட்டியிருக்கிறேன் நான். அன்று சாயங்காலம் பஜாரில் நைலான் கயிறு வாங்கிவந்து, சூடான காற்று எட்டும், ஆனால் பெட்டியை அடைக்காத தூரத்தில், என் கையாலேயே துணிக்கொடி கட்டினேன். நன்றாக இழுத்து இறுக்கித்தான் கட்டினேன். மகள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை அது அறுந்துவிடக் கூடாது.