வழிமாறி நடப்பவர்

ஈரத் துணியால் கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைப்பதில்தான் பெமிலாவின் காலை தொடங்கும். சிதறால் போகும் சாலையில் இருக்கும் சிறு வாசகசாலையைத் திறந்து, பெருக்கி, வெளிப்பலகையில் பழைய நீதிப்பாட்டு ஒன்றைப் பொருளோடு எழுதி வைப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. புத்தகத்தில் அடுத்து எது வருகிறதோ அதுதான். தேர்ந்தெடுப்பதே கிடையாது.

ஊர் இதை நம்பவில்லை. புறம்பேசுவதைப் பற்றிய பாட்டு வந்த அன்று சாயாக்கடை குமாரதாஸ் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏன் பெமிலா, கீழ எனக்க பேரையும் எழுதிப் போடாண்டாமா?"

"அண்ணே, இது ஆயிரத்தி ஐந்நூறு வருசத்துக்கு மின்ன எழுதினது."

"அப்பம் எனக்க கடையில பேசுனது அந்த ஆளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கும் உண்டு. பஸ்ஸையும் போனையும் பார்க்காத ஒரு மனிதர், இந்த முக்கில் நிற்கிற ஒவ்வொருவரின் நெஞ்சுக்குள்ளும் எப்படி நுழைந்து பார்த்தார்?

போன செவ்வாய்க்கிழமை பொருளை எழுதி முடித்ததும் சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றது. 'தீங்கு பட்டவர் நேர்வழியில் வருவார். செய்தவரே வழிமாறி நடப்பார்.'

ஆறு வருடமாக அவள் கால்வாய் ஓரமாக, சானல்கரையைச் சுற்றித்தான் வேலைக்கு வருகிறாள். நேர்ச்சாலையில் அக்காள் குளோரியின் வீடு. அம்மாவின் நினைவு ஆராதனை அட்டையில் பிள்ளைகள் பெயர் வரிசையில் குளோரி மட்டும் இல்லை. அவள் வேறு சபைக்குப் போனதில் வந்த கோபம். பெயரை விட்டவள் பெமிலா. அச்சகத்தின் பிழை என்று சொன்னவளும் அவளே. அக்காளுக்குத்தான் வீம்பு என்று ஊரெல்லாம் சொல்லி, தானும் நம்பிவிட்டாள்.

யாரும் கவனிக்காத அந்தச் சானல்கரை நடையை என்றோ ஒருவர் கண்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அழித்துவிட்டு அடுத்த பாட்டை எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? துணியை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

பால் சொசைட்டியிலிருந்து திரும்பிய குளோரி பலகை முன்னால் நின்று வாசித்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"ஏட்டி, இது எனக்கு வேண்டியா எழுதிப் போட்ட? நானா வழிமாறிப் போறேன்?"

"ஒனக்கில்ல அக்கா, எனக்கு." என்றாள் பெமிலா. "அச்சகத்துக்காரன் பிழை இல்ல. நான்தான் ஒனக்க பேர வெட்டினேன்."

குளோரி தூக்குப்பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"ஞாயிறாழ்ச்ச வீட்டுக்கு வரட்டா அக்கா?"

வாசலுக்கு நேர்வழியில் பெமிலா நின்றதால், குளோரி பத்திரிகை மேசையைச் சுற்றி நடந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.