கடைசியில் வரும் சிவப்பு

மழை விட்ட காலையில் கொட்டம்பா மரத்து இலைகள் தார் ரோட்டில் ஒட்டிக்கிடக்கும். கடல் உப்போடு கலந்து ஒரு புளிச்ச மணம்...

வெள்ளவத்தையில் ஏ.எல். சோதனைக்கான பயோ ரியூஷன் கிளாஸ். சேர் அப்படி ஒரு இலையைத் தூக்கிக் காட்டினார். நல்ல இரத்தச் சிவப்பு. மஞ்சள் நிறம் இலைக்குள் முதலே இருக்கிறதாம், பச்சை போக வெளியே தெரியுமாம். சிவப்பு அப்படியில்லை. பழுக்கிற நேரத்தில்தான் இலை அதைப் புதிதாகச் செய்கிறது என்றார்.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். "விழப்போற இலைக்கு என்னத்துக்கு சேர் லிப்ஸ்டிக்?"

கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

அப்பா செத்துப்போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா காலி வீதியில் ஒரு சாறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தா. லிப்ஸ்டிக் இல்லாமல் கவுண்டரில் நிற்கக்கூடாது, முதலாளியின் சட்டம். பொட்டில்லாத நெற்றி... கீழே அந்தச் சிவப்பு. ஃபிளாட் லிஃப்டுக்குள் நாங்கள் ஏறினால் அன்ரிமார் கதையை நிறுத்துவார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சேர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். விழுவதற்கு முதல், இலை தன்னிடமுள்ள சத்தை மரத்துக்குத் திருப்பிக் கொடுக்குமாம். அந்த நேரம் அதுக்கு வெயில் தாங்காது. சிவப்பு ஒரு குடை மாதிரி என்று சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள் என்றார்.

சோதனைக்கு வரலாம் என்று பாடமாக்கினேன். அவ்வளவுதான்.

அன்று வேலையால் வந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டா.

"வேலையை விடட்டோ பிள்ளை? சனம் கதைக்குது... உனக்கும் ஒரு மாதிரி இருக்கெல்லோ?"

விட்டால் ரியூஷனும் இல்லை, ஃபிளாட்டும் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

"உங்கட விருப்பம்" என்றேன்.

அடுத்த நாளும் பூசிக்கொண்டுதான் போனா. வாசலில் செருப்பைப் போட்டபடி, "வெறும் முகத்தோட நிண்டா வாற சனம் என்னைப் பாத்துப் பரிதாபப்படுது. இதைப் போட்டா சாறியைப் பாக்குது" என்று எனக்கோ தனக்கோ சொன்னா.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் பாதிப் பேருக்கு உதடு சிவப்பு, ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு வேலை கிடைத்த மாதமே அம்மா கடையை விட்டுவிட்டா.

போன கிழமை கிருலப்பனையில் ஒரு கலியாணவீடு. வெளிக்கிடும்போது என்னுடைய லிப்ஸ்டிக்கை நீட்டினேன்.

"போடுங்கோ அம்மா, வடிவாயிருக்கும்."

சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பினா.

"வேண்டாம் பிள்ளை... உனக்கு வெக்கமா இருக்கும்."